சமூகப்பணிக் கற்கைக்கு ஆட்களைத் தெரிவுசெய்தல்: திருகோணமலைத் தெரிவுக்குழுக்களுக்கு

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு ஒருவர் கற்கையைப் படித்து முடிப்பாரா என்பதை ஓரளவு காட்டும். அழுதுகொண்டிருக்கும் ஒரு தாயின் முன்னால் அவர் எப்படி இருப்பார் என்பதைக் காட்டாது. ஆகவே பெறுபேற்றை வாசற்படியாக மட்டும் வையுங்கள். மிச்சத்தை எழுத்துப் பயிற்சியும் நேர்முகப் பரீட்சையும் தீர்மானிக்கட்டும்.

விண்ணப்பம் கோரும் முன்பே அளவுகோல்களை எழுதிவிட வேண்டும். ஐந்து போதும்: பொறுமையாகக் கேட்டல், ஆளை எடைபோடாமை, இரகசியம் காத்தல், வேறு இனத்தவரோடு வேலை செய்யும் மனம், தெளிவாக எழுதுதல். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி. எந்தப் பதிலுக்கு 1, எதற்கு 4 என்று மாதிரி எழுதி வைக்காவிட்டால் ஒருவரின் 3 இன்னொருவரின் 2 ஆகிவிடும்.

வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் கட்டுரையை நம்ப வேண்டாம். அதை யார் எழுதினார் என்று தெரியாது. மண்டபத்தில் 40 நிமிடம், கையெழுத்தில், இப்படி ஒன்றைக் கொடுங்கள்: கிண்ணியாவில் 14 வயதுப் பிள்ளை ஒரு மாதமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. தாய் வெளிநாட்டில் வேலை. அம்மம்மா, "வெளியில் சொல்லிப்போடாதேங்கோ" என்கிறார். நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்? அம்மம்மாவுக்குப் புத்தி சொல்லப் புறப்படும் பதிலுக்கு 1. பிள்ளையோடு தனியே பேசி, அம்மம்மா எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்டு, எதை இரகசியமாக வைக்கலாம், எதை வைக்க முடியாது என்பதை அவரிடமே சொல்லும் பதிலுக்கு 4. சட்டம் தெரியாததற்குப் புள்ளி குறைக்காதீர்கள். அதைக் கற்பிக்கத்தானே கற்கை.

நேர்முகப் பரீட்சைக்கு மூவர். ஒருவர் களப்பயிற்சி மேற்பார்வையாளராக இருப்பது அவசியம். பொருந்தாத மாணவரால் வரும் சிக்கல் முதலில் அவர் தலையில்தான் விழும். ஒருவருக்கு 20 நிமிடம், புள்ளியிட 5 நிமிடம். எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை. பேசிக்கொள்ளும் முன் மூவரும் தனித்தனியே புள்ளியை எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் மூத்தவர் சொன்னதே முடிவாகிவிடும். சரளமான பேச்சுக்கு மயங்குவதும் இங்கேதான் நடக்கும். 2 புள்ளி வித்தியாசம் வந்தால், விண்ணப்பதாரி சொன்ன வார்த்தைகளைக் குறிப்பிலிருந்து வாசித்துப் பாருங்கள்.

யுத்தமும் 2004 சுனாமியும் தொடாத வீடு மூதூர், சம்பூர்ப் பக்கம் அரிது. "உங்களுக்கு என்ன நடந்தது?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். பட்ட துன்பம் புள்ளியும் அல்ல, குறையும் அல்ல. "இந்த வேலையில் எது உங்களைக் கலங்க வைக்கும்? அப்போது யாரிடம் போவீர்கள்?" என்று கேளுங்கள். உதவி கேட்கத் தெரிந்தவர் களத்தில் நின்றுபிடிப்பார்.

தொண்டுச் சான்றிதழ்களை எண்ணினால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே முன்னுக்கு வருவார்கள். வெருகலில் படுக்கையிலிருக்கும் பாட்டியைப் பார்த்துக்கொண்டு தம்பி தங்கைகளைப் படிக்க அனுப்பியவளின் அனுபவமும் அனுபவம்தான். என்னென்ன செய்தாள் என்று விபரமாகக் கேட்டுப் பதியுங்கள்.

வெருகல், புல்மோட்டையிலிருந்து பஸ்ஸில் வருபவர்களுக்குக் காலை 8 மணி கொடுக்காதீர்கள், 10.30க்குப் பிறகு வையுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தை விட்டுவிடுங்கள். குழு உறுப்பினர் ஒருவரின் உறவினரோ அயலவரோ விண்ணப்பதாரியாக வந்தால், அந்த உறுப்பினர் அறையை விட்டே வெளியேற வேண்டும். மற்ற இருவரின் சராசரி போதும்.

கூட்டுத்தொகை ஒரு பெருங்குறையை மறைத்துவிடும். இரகசியம் காத்தலிலோ ஆளை எடைபோடாமையிலோ 0 எடுத்தவரை, மொத்தம் எவ்வளவு இருந்தாலும் எடுக்க வேண்டாம். காத்திருப்போர் பட்டியலை அன்றே வரிசைப்படுத்திக் கையொப்பமிடுங்கள். தெரிவாகாதவர் காரணம் கேட்டால் எந்த அளவுகோலில் குறைந்தது என்று எழுத்தில் கொடுங்கள். அடுத்த முறை அவர் ஆயத்தமாக வரலாம்.