‘ஓப்பன்’ என்றால் படித்துவிட்டார் என்றா அர்த்தம்?

அனுப்பிய மெயிலை யார் திறந்தார்கள் என்று காட்டும் மெயில் டிராக்கிங்கைப் புதிதாகப் பிடித்துக்கொண்டவர்கள், காலையில் டீக்கு முன்பே ஓப்பன் ரேட்டை, அதாவது எத்தனை சதவீதம் பேர் திறந்தார்கள் என்பதைப் பார்க்கிறார்கள். நானும் அப்படி இருந்தவன்தான். புதியவர்கள் செய்யும் தவறுகளில் எழுத்துப்பிழை, சப்ஜெக்ட் நீளம் எல்லாம் தானே புரிந்துவிடும், விடுங்கள். தானே புரியாத தவறுகள் இவை.

ஓப்பனை நம்பிப் போன் போடுவது

எங்கள் பையன் ஒருவன் கொட்டேஷன் அனுப்பினான். இரவில் நாலு முறை ஓப்பன் ஆனதாகத் திரை காட்டியது. காலையில் போன்: “சார், ராத்திரி நாலு தடவை பாத்திருக்கீங்க, ரேட் ஏதும் குறைக்கணுமா?”

“தம்பி, அதை அப்பவே அக்கவுண்டன்ட்டுக்கு அனுப்பிட்டேன். என்னை வேவு பாக்குறீங்களா?”

ஆர்டர் போச்சு. இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

நடந்தது இவ்வளவுதான். மெயிலுக்குள் 1×1 பிக்சல் அளவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படம் இருக்கும்; இதைத்தான் டிராக்கிங் பிக்சல் என்பார்கள். பெறுபவர் ஒவ்வொருவருக்கும் அதன் முகவரி வேறு. அந்தப் படத்தை யார் கேட்டாலும் சர்வர் முதலில் பெற்றவர் பெயரில்தான் வரவு வைக்கும். ஃபார்வேர்டு ஆன மெயிலை அக்கவுண்டன்ட் திறந்தாலும் அப்படித்தான்.

ஆள் திறக்கவே வேண்டும் என்றும் இல்லை. 2021 செப்டம்பரில் ஐபோனின் ஐஓஎஸ் 15 மென்பொருளுடன் வந்த மெயில் பிரைவசி வசதியை ஒருவர் ஆன் செய்திருந்தால், அவர் மெயிலைத் தொடாவிட்டாலும் ஆப்பிள் படங்களைப் பின்னணியில் இறக்கிவிடும். ஜிமெயில் 2013 முதல் படங்களைத் தன் சர்வர் வழியே காட்டுவதால், ஐபியை (இணைய முகவரி எண்ணை) வைத்து ஊர் கண்டுபிடித்தால் கிடைப்பது கூகுளின் ஊர்.

ஓப்பன் இல்லையென்று ஆளை மெயில் பட்டியலிலிருந்து நீக்குவது

படங்களை முடக்கிவிட்டு வரிக்கு வரி படிப்பவர் கணக்கில் வரவே மாட்டார். மெயில் 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டி மறைத்துவிடும்; பிக்சல் அடியில் இருந்தால் அதுவும் போச்சு. ‘தொடர்ந்து அனுப்பலாமா?’ என்று கேட்டுவிட்டு அப்புறம் நீக்குங்கள்.

கிளிக்கையாவது நம்பலாம் என்பது

ஓரளவு. பெரிய அலுவலகங்களின் பாதுகாப்பு மென்பொருள் ஒவ்வொரு லிங்க்கையும் சோதித்துப் பார்க்கும். அனுப்பிய சில நொடிகளில் எல்லா லிங்க்கும் கிளிக் ஆனால் அது ஆள் இல்லை. ‘இனி அனுப்ப வேண்டாம்’ என்று விலகுவதற்கான அன்சப்ஸ்கிரைப் லிங்க் திறந்த உடனேயே பெயரை நீக்கும்படி வைத்திருந்தால், இந்த மென்பொருளே உங்கள் வாசகரை வெளியே அனுப்பிவிடும்.

ஊர் வரை காட்டுவது

சூப்பர்ஹ்யூமன் என்ற மெயில் செயலி, பெறுபவர் எந்த இடத்தில் திறந்தார் என்பதையும் அனுப்பியவருக்குக் காட்டியது. 2019-இல் கண்டனம் கிளம்பியதும் அதை எடுத்துவிட்டார்கள்.

தனி ஆளுக்கு எழுதும் மெயிலில் பிக்சல்

வேண்டாம்.