களிமண் பொம்மை ஏன் வெடிக்கிறது? மார்கழி, தைக் கைவேலைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரையாண்டு விடுமுறை விட்டதும் டெல்டா ஊர்களில் திண்ணைக்குத் திண்ணை கைவேலைதான். களிமண், தென்னங்கீற்று, வைக்கோல், பூவரசு இலை என்று காசில்லாத சாமான்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன. புதிதாகச் சொல்லித்தர வருகிறவர்கள் ஆண்டுதோறும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். இன்று பழகிய கைகளும் அன்று அங்கேதான் சறுக்கின. கத்தரிக்கோல் பத்திரம், முள் பத்திரம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடலாம். இங்கே சொல்லும் வேலைகள் நாலு வயது முதல் எட்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு. அதற்கும் சின்னதுகள் இருக்கும் வீட்டில் விதை, கூழாங்கல் எதையும் தரையில் பரப்பாதீர்கள்.

கெட்டியாக உருட்டி வெயிலில் வைப்பது

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை செய்யலாம் என்று ஆரம்பிப்பார்கள். ஆரஞ்சுப் பழ அளவுக்கு ஒரு களிமண் உருண்டை, அதன்மேல் எலுமிச்சை அளவுக்கு ஒரு தலை, கைகளுக்கு இரண்டு ஈர்க்குச்சி. சீக்கிரம் காயட்டும் என்று மத்தியான வெயிலில் மொட்டைமாடியில் வரிசையாக வைப்பார்கள். சாயங்காலம் கழுத்தில் மெல்லிய கோடு விழுந்திருக்கும். மறுநாள் காலையில் தலை தனி, உடம்பு தனி. பிள்ளை அழ, பெரியவர்கள் "மண்ணு சரியில்ல" என்று முடித்துவிடுவார்கள். காவிரி வண்டல் மேல் சுமத்துகிற இந்தப் பழியைக் கேட்டால்தான் எரிச்சலாக இருக்கிறது. மண்ணில் ஒரு குற்றமும் இல்லை.

களிமண்ணின் துகள்களுக்கு நடுவே இருக்கும் தண்ணீர் வெளியேற வெளியேற மண் சுருங்கும். டெல்டாவின் களி மிக நைசானது. தண்ணீரை நிறையக் குடித்திருக்கும், அதனால் நிறையச் சுருங்கும். வெயிலில் வைத்த உருண்டையின் மேல்தோல் ஒரு மணி நேரத்தில் காய்ந்து இறுகும். உள்ளே இன்னும் ஈரம், அது சுருங்கவில்லை. சின்னச் சட்டையைப் பெரிய உடம்பில் மாட்டியது போலத்தான்; எங்காவது கிழிந்தாக வேண்டும். ஈர்க்குச்சி சங்கதியும் அதுதான். மண் சுருங்கும், குச்சி சுருங்காது, ஆகவே குச்சி போன வழியிலேயே வெடிப்பு போகும்.

முதலில் மண்ணைச் சோதியுங்கள். பென்சில் கனத்துக்கு ஒரு திரி உருட்டி விரலில் சுற்றுங்கள். உடைந்தால் மண் வறட்சி, விரலில் ஒட்டினால் ஈரம் அதிகம், வெடிக்காமல் வளைந்தால் பதம். அடுத்தது சுருக்கச் சோதனை. விரல் கனத்தில் ஒரு பட்டை தட்டி, அதில் சரியாக 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு கீறி நிழலில் காய வையுங்கள். காய்ந்தபின் இடைவெளி 9 செ.மீ.க்கு வந்துவிட்டால் அந்த மண் தனியாக ஆகாது. நாலு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சலித்த பொடிமணல், ஒரு கைப்பிடி நறுக்கிய வைக்கோல் அல்லது உமி சேர்த்துப் பிசைந்து மறுபடி சோதியுங்கள். மண்பாண்டம் செய்கிறவர்கள் களியோடு மணல் கலப்பதும் இதற்காகத்தான்.

மண்ணைக் குளத்தங்கரையில் எடுங்கள். மார்கழியில் சம்பாப் பயிர் நிற்கும் வயலின் வரப்பை வெட்டினால் பேச்சு வாங்குவீர்கள்; மருந்தடித்த வயல் மண் பிள்ளைகளின் கைக்கும் ஆகாது. எடுத்ததைக் காயவைத்து, தட்டி, சல்லடையில் சலித்து, ஓர் இரவு ஊறவிட்டுப் பிசையுங்கள். சலிக்காத மண்ணில் நத்தை ஓட்டுத் துண்டு நிச்சயம் இருக்கும், சமயத்தில் கண்ணாடிச் சில்லும்.

கனம் எங்கும் ஒரு செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. தலையாட்டியின் அடிப்பாகத்தைக் குடைவாகச் செய்யுங்கள். 7 செ.மீ. அகலமுள்ள உருண்டையான கிண்ணத்துக்குள் ஈரத்துணி விரித்து, மண்ணை உள்பக்கமாக அழுத்துங்கள். அடியில் மட்டும் ஒன்றரை செ.மீ. இருக்கலாம், விளிம்பில் அரை செ.மீ. போதும். இரண்டு துண்டுகளை ஒட்டுவதாக இருந்தால் இரண்டு முகத்திலும் முள்கரண்டியால் கீறி, குழம்பாகக் கரைத்த மண்ணைத் தடவி அழுத்துங்கள். சும்மா ஒட்டவைத்தால் காயும்போது கழன்றுவிடும். வழவழப்பாக்கப் பிள்ளைகள் விரலைத் தண்ணீரில் முக்கி முக்கித் தடவுவார்கள். அதுவும் மேல்தோலில் நுண்ணிய வெடிப்பு விழச் செய்யும். தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிட்டு ஒரு ஈரத்துணியைக் கொடுங்கள்.

அப்புறம் காயவைப்பது. சிமெண்டுத் தரையில் நேராக வைத்தால் அடி ஒட்டிக்கொண்டு சுருங்க விடாது; பழைய செய்தித்தாள் மேல் வையுங்கள். முதல் நாள் ஈரத்துணியால் மூடி, அடுத்த மூன்று நான்கு நாள் காற்றோட்டமான நிழலில், தினம் ஒரு முறை திருப்பி வைத்து. கடைசியாக ஒரு நாள் இளவெயில். பொழுது சாய்வதற்குள் உள்ளே எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் ராப்பனி காய்ந்ததையெல்லாம் நனைத்துவிடும். காய்ந்ததா என்று தெரிய அடிப்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் உள்ளே இன்னும் ஈரம்.

வெடித்துவிட்டால் தண்ணீர் தடவி வழிக்காதீர்கள். புது ஈரம் காயும்போது மறுபடி சுருங்கி, பழைய கோட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கோடு விழும். நொறுக்கி ஊறப் போடுங்கள். சுடாத மண் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பக் கரையும்.

தலையாட்டியில் இன்னொரு பொறி உண்டு. அடியை ஒழுங்காகச் செய்துவிட்டு, தலையையும் மண்ணில் உருட்டி உச்சியில் வைத்துவிடுவார்கள். பாரம் மேலே ஏறியதும் பொம்மை படுத்துக்கொள்ளும், எழுந்திருக்காது. எடை முழுவதும் அடிக்கிண்ணத்தில் இருக்க வேண்டும். மேலே 10 செ.மீ. உயரத்தில் ஒரு காகிதக் கூம்பும் காகித உருண்டைத் தலையும் போதும்.

குன்றிமணிக் கண்

கூடாது. களிமண் பிள்ளையாருக்குக் குன்றிமணிக் கண் வைத்துப் பழகிய கை, குழந்தைகளின் பொம்மைக்கும் அதையே தேடும். ஓடு உடைந்தாலோ, ஊசியால் துளைத்தாலோ உள்ளிருக்கும் நஞ்சு வெளிவரும். மென்று விழுங்கினால் ஒரே விதைகூட உயிருக்கு ஆபத்து. ஆமணக்குக் கொட்டையும் மஞ்சளரளிக் காயும் இதே கணக்கில்தான். கண்ணுக்குக் கறுப்பு உளுந்து வையுங்கள், அதையும் பொம்மை காய்ந்தபின் பசையால் ஒட்டுங்கள். ஈர மண்ணில் பதித்தால் உளுந்து ஊறிப் பிதுங்கும். பச்சைப்பயறு என்றால் முளையே விட்டுவிடும். பிள்ளைகளுக்கு அது இன்னும் சந்தோஷம் என்பது வேறு விஷயம்.

எருக்கு

பால் கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரிதான்.

கிடைத்த வைக்கோலில் பின்னுவது

மார்கழியில் கையில் இருப்பது குறுவை வைக்கோல். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து கறுத்து, பூசணம் பிடித்திருக்கும். உதறினால் பிள்ளைகள் தும்முவார்கள். தையில் சம்பா அறுப்பு வரும்வரை பொறுங்கள். அப்போதும் அறுவடை இயந்திரம் துப்பிய வைக்கோல் நசுங்கியிருக்கும், பின்னலுக்கு ஆகாது. இயந்திரம் திரும்ப முடியாத வயல் மூலைகளைக் கையால் அறுப்பார்கள். அந்தத் தாள்தான் நீளமாக, முழுசாகக் கிடைக்கும். அங்கே கேட்டு ஒரு கட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மேலுறையை உருவிவிட்டால் சுணை பாதி போய்விடும். பதினைந்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, துணியில் சுற்றி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுங்கள். காய்ந்த தாளை மடக்கினால் படக்கென்று ஒடியும். குருவிக்காகத் தொங்கவிடும் நெற்கதிர்க் கொத்துக்கு, மணி பழுத்தும் தாளில் கொஞ்சம் பச்சை இருக்கும்போதே 30 செ.மீ. காம்போடு அறுக்க வேண்டும். முற்றவிட்டால் கட்டும்போதே பாதி நெல் தரையில் உதிரும்.

குருத்தோலை கேட்பது

கிளிக்கும் பந்துக்கும் குருத்தோலைதான் வளையும் என்று மரத்தின் நடுக்குருத்தை வெட்டச் சொல்லாதீர்கள். தென்னைக்கு வளரும் முனை அது ஒன்றுதான். காய் பறிக்கும்போது விழும் பச்சைக் கீற்றில் காற்றாடி, கைக்கடிகாரம், பாம்பு எல்லாம் வரும். ஈர்க்கைக் கிழித்தவுடன் எண்ணி எடுத்து வையுங்கள், கண்ணில் குத்துவது அதுதான். பின்னலை இறுக்குங்கள், ஓலை காய்ந்து ஒடுங்கும்போது தளர்ந்த பந்து தானே பிரிந்துவிடும்.

பசை

பனியில் பறித்த இலையில் ஃபெவிகால் பிடிக்காது. வெள்ளையாகத் தேங்கி நின்று, அடுத்த நாள் இலையோடு உரிந்து வரும். இலையைப் பழைய புத்தகத்துக்குள் வைத்து, மேலே கனமாக எதையாவது ஏற்றி, ஐந்தாறு நாள் கழித்து ஒட்டுங்கள். இடையில் ஒரு முறை பக்கம் மாற்றாவிட்டால் பூசணம் வரும்.

மைதாப் பசை மலிவு, நன்றாகவும் பிடிக்கும். எறும்பும் கரப்பானும் வராமலிருக்க அதில் மயில்துத்தம் போடுவது புத்தகம் கட்டுகிறவர்களின் வழக்கம். அது விஷம். பிள்ளைகள் விரலைச் சூப்புகிற இடத்தில் அதற்கு வேலையில்லை. அன்றைக்கு வேண்டிய பசையை அன்றே காய்ச்சி, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

நிறம்

ஈரம் போகாத மண்ணில் பூசிய நிறம் செதிலாக உரியும். வெள்ளை அடிப்பூச்சுக்குச் சுண்ணாம்பு வேண்டாம். கண்ணில் தெறித்தால் வெந்துவிடும். அரிசி மாவுக் கஞ்சியில் சாக்பீஸ் தூளைக் குழைத்தால் போதும். மஞ்சள்தூள் பளிச்சென்று பிடிக்கும், ஆனால் வெயில் படும் ஜன்னலோரம் வைத்தால் வெளுத்துப் போகும். தேக்குக் கொழுந்தைக் கசக்கினால் சிவப்பு, சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலம், அதில் எலுமிச்சை பிழிந்தால் ஊதா கலந்த இளஞ்சிவப்பு. இந்தக் கடைசி வித்தையை முதலிலேயே காட்டிவிட்டால் அப்புறம் ஒருவரும் வண்ணம் தீட்ட மாட்டார்கள், எலுமிச்சை மூடிக்குத்தான் சண்டை.

பூவரசு இலைப் பீப்பீ

கொழுந்து துவளும், முற்றல் மடிப்பில் கிழியும். நடுத்தர இலையைப் பறித்து, காம்பைக் கிள்ளி, இறுக்கமாகச் சுருட்டி, ஒரு முனையை லேசாக நசுக்கி ஊதினால் சத்தம் வரும். இருபது பிள்ளைகள் இருந்தால் வேலையை மரத்தடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.