இணையம் இல்லாத வகுப்பறையில் ஆளுக்கொரு கணக்கு: கொலிப்ரி வைத்து நான் செய்த முறை

முக்கூடல் பக்கத்துக் கிராமப் பள்ளி. ஐந்தாம் வகுப்பு, 24 பிள்ளைகள். பலகையில் ஒரு கழித்தல் கணக்கைப் போட்டால் ஐந்தாறு பேர் நான் திரும்புவதற்குள் முடித்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். ஏழெட்டுப் பேருக்கு மூன்றிலக்க எண்ணை வாசிக்கவே தகராறு. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்குத்தான் நான் இத்தனை வருடமும் பாடம் நடத்தியிருக்கிறேன் என்று ஒருநாள் உறைத்தது. அதன் பிறகு, கொலிப்ரி என்ற மென்பொருளை வைத்து அவரவர் நிலைக்கேற்பக் கணக்குக் கொடுத்துச் செய்து பார்த்ததுதான் இது. இதே நிலையில் இருக்கும் ஆசிரியர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

என் கையில் இருந்தவை: துபாயில் இருக்கும் பழைய மாணவர் வாங்கித் தந்த ஆறு டேப்லெட், தம்பி பிளஸ் டூவில் வாங்கிய அரசு மடிக்கணினி, வீட்டில் சும்மா கிடந்த பழைய வைஃபை ரூட்டர். பள்ளியில் இணையம் இருக்கிறது என்றுதான் ஏட்டில் இருக்கிறது.

எந்த மென்பொருள்?

'அடாப்டிவ்' (பிள்ளைக்கேற்ப மாறுவது) என்று போட்டு விற்கிற எல்லாமே ஒரே வகை இல்லை. ஒரு வகை, பிள்ளை சொல்லும் ஒவ்வொரு விடையையும் பார்த்து அடுத்த கேள்வியைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். இன்னொரு வகை, ஒரு படியில் இத்தனை சரியாகப் போட்டால்தான் அந்தப் படி முடிந்தது என்று கணக்கு வைக்கும். யாருக்கு எந்தப் படி என்பதை ஆசிரியர் தீர்மானிக்க வேண்டும். முதல் வகையில் பெரும்பாலானவற்றுக்குத் தொடர்ந்து இணையம் வேண்டும், பலவற்றுக்குப் பணமும் வேண்டும். நான் எடுத்துக்கொண்டது இரண்டாம் வகை: கொலிப்ரி. லேர்னிங் ஈக்வாலிட்டி என்ற அமைப்பு 2017-இல் வெளியிட்டது, இலவசம். ஒரு கணினியில் போட்டுவிட்டால் மற்ற சாதனங்கள் இணையம் இல்லாமலே பிரௌசர் வழியாக அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

முழுத் தானியங்கிதான் உசத்தி என்று சிலர் சொல்வார்கள். கார்த்திக் முரளிதரனும் மற்றவர்களும் டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்துச் செய்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. நாலரை மாதத்திலேயே கணக்கில் நல்ல முன்னேற்றம் என்று அதில் வருகிறது. ஆனால் அங்கேயும் பிள்ளைகள் பாதி நேரம் கணினி முன்னாலும், மீதி நேரம் சிறு குழுவாக ஒரு ஆளிடமும்தான் படித்தார்கள். இதைச் சொல்லாமல் முன்னேற்றத்தை மட்டும் சொல்லி விற்கிறவர்களிடம் கவனமாக இருங்கள்.

படி 1: டேப்லெட்டைத் தொடாதீர்கள்

முதலில் ஒரு தாளில் பன்னிரண்டு கணக்கு. எண் வாசிப்பதில் தொடங்கி, கடன் வாங்கிக் கழிப்பதில் முடிய வேண்டும். யார் எந்தக் கணக்கில் நிற்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். 2022-இல் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து பிள்ளைகளை நிலைவாரியாக அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பது நமக்குப் பழகிப்போன விஷயம்தானே. அதே பெயரில் மூன்று குழு போதும். பத்துக் குழு வைத்தால் ஒரு வாரத்தில் நாமே மறந்துவிடுவோம்.

படி 2: நிறுவுவது

கொலிப்ரியை அதன் தளத்தில் இருந்து மடிக்கணினியில் இறக்கி, ஓகே, ஓகே. இதில் சொல்ல ஒன்றுமில்லை.

படி 3: டேப்லெட்டில் திறக்க வைப்பது

இங்கேதான் எனக்கு நாலு நாள் போனது. மடிக்கணினியில் கொலிப்ரி அழகாகத் திறக்கிறது. டேப்லெட்டில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. டேப்லெட்டில்தான் கோளாறு என்று பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறித் திருநெல்வேலி ஜங்ஷன் வரை போனேன். கடைக்காரத் தம்பி தன் கடை வைஃபையில் போட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு மேடம்" என்று திருப்பித் தந்துவிட்டார். கோளாறு என் விரலில். முதல் தடவை கொலிப்ரி ஓடும்போது விண்டோஸ் ஃபயர்வால் ஒரு பெட்டியைக் காட்டி அனுமதி கேட்கும். ஏதோ வைரஸ் சமாசாரம் என்று நான் கேன்சல் கொடுத்திருக்கிறேன். நீங்களும் கொடுத்திருந்தால், ஃபயர்வால் அமைப்பில் அனுமதித்த செயலிகளின் பட்டியலுக்குப் போய் கொலிப்ரிக்கு பிரைவேட், பப்ளிக் இரண்டிலும் டிக் போடுங்கள்.

அது சரியானதும் அடுத்தது. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை இணைத்தால் அதற்குக் கிடைக்கும் முகவரி இன்று ஒன்று, நாளை ஒன்று. பிள்ளைகள் நேற்று திறந்த பக்கம் இன்று திறக்காது. மடிக்கணினியையே ஹாட்ஸ்பாட் ஆக்கினால் முகவரி எப்போதும் 192.168.137.1 தான், மாறாது. ஆனால் விண்டோஸில் அதை இயக்க முதலில் ஏதாவது ஒரு இணைப்பு இருக்க வேண்டும், எட்டு சாதனத்துக்கு மேல் ஏற்காது. ஆகவே என் கட்சி ரூட்டர்தான். அதில் சிம்மோ கேபிளோ ஒன்றும் வேண்டாம், வெறும் மின்சாரம் போதும். ரூட்டர் அமைப்பில் மடிக்கணினிக்கு ஒரே முகவரியை ஒதுக்கி வைத்துவிடுங்கள். அந்த முகவரிக்குப் பின்னால் :8080 சேர்த்து டேப்லெட்டில் தட்டித் திறந்து, முகப்புத் திரையில் குறுக்குவழியாகப் போட்டுவிட்டால் பிள்ளைகள் ஒரு தட்டில் உள்ளே போய்விடுவார்கள். முகவரி தெரியவில்லை என்றால் கொலிப்ரியில் டிவைஸ் பகுதிக்குள் இன்ஃபோ பக்கத்தில் இருக்கும்.

இன்னொன்று: "இந்த வைஃபையில் இணையம் இல்லை" என்று ஆண்ட்ராய்டு புலம்பும். 'அப்படியே இணைந்திரு' என்ற பொருளில் வருவதைத் தட்டுங்கள். இல்லையென்றால் தானே கழன்றுகொள்ளும்.

படி 4: பெயர் சேர்ப்பது

ஃபெசிலிட்டி பகுதியில் வகுப்பை உருவாக்கி, பிள்ளைகளை லேர்னராகவும் உங்களைக் கோச்சாகவும் சேர்க்க வேண்டும். பயனர்பெயருக்கு எழுத்தே வேண்டாம். வருகைப் பதிவேட்டு எண்ணை வையுங்கள். ஐந்தாம் வகுப்பு, ஏழாம் எண் என்றால் 507. முழுப்பெயரை மட்டும் தமிழில் போடுங்கள். என் வகுப்பில் இசக்கி மூன்று பேர். முதல் வாரம் பெயரை மட்டும் வைத்ததில் ஒரு இசக்கி போட்ட கணக்கு இன்னொரு இசக்கி பேரில் ஏறி, நான் தப்பான ஆளைப் பாராட்டியது தனிக்கதை.

அமைப்பில் லேர்னருக்குக் கடவுச்சொல் வேண்டாம் என்று வைத்துவிடலாம். அங்கேயே, பிள்ளைகள் தங்கள் பெயரைத் திருத்தும் அனுமதியையும் எடுத்துவிடுங்கள். எங்கள் வகுப்பில் ஒருவன் தன் பெயரை 'ஹெட்மாஸ்டர்' என்று மாற்றி வைத்திருந்தான்.

படி 5: கணக்குகளை நாமே எழுதுவது

கொலிப்ரியில் ஏற்கெனவே நிறையப் பாடங்கள் கிடைக்கின்றன. என் பிள்ளைகளுக்குத் தமிழில், என் வரிசையில் வேண்டும் என்பதால் நானே எழுதினேன். கொலிப்ரி ஸ்டூடியோ என்ற இணையதளத்தில் ஒரு சேனல் (நம் பயிற்சிகளின் தொகுப்பு) தொடங்கி, ஒவ்வொரு படிக்கும் ஒரு பயிற்சி. இதற்கு மட்டும் இணையம் வேண்டும், வீட்டில் இரவில் செய்யலாம். முடித்ததும் பப்ளிஷ் செய்தால் ஒரு டோக்கன், அதாவது அந்தச் சேனலுக்கான குறியீடு, வரும். மடிக்கணினியை இணையத்தில் இணைத்து, கொலிப்ரியில் அந்த டோக்கனைக் கொடுத்தால் சேனல் இறங்கிவிடும்.

ஒவ்வொரு பயிற்சிக்கும் 'எத்தனை சரியாகப் போட்டால் தேறியதாகக் கொள்வது' என்று ஸ்டூடியோ கேட்கும். நான் வீறாப்பாகப் 'பத்தும் தொடர்ந்து சரி' என்று வைத்தேன். ஒன்பது சரியாகப் போட்டுப் பத்தாவதில் விரல் தவறிய ஒரு பையன் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டான். "திரும்பவும் மொதல்ல இருந்தா டீச்சர்? நான் மாட்டேன்" என்றான். இப்போது கடைசி ஏழில் ஐந்து சரி என்று வைத்திருக்கிறேன். மறுபக்கம், இரண்டு தொடர்ந்து சரி என்று குறைத்துவிடாதீர்கள். நான்கு விடையில் ஒன்றைத் தேர்வு செய்யும் கேள்வி என்றால் கண்ணை மூடித் தட்டுகிறவனுக்கும் பதினாறில் ஒரு வாய்ப்பு உண்டு.

அதனால் என் விருப்பம், எண்ணைத் தட்டிப் போடும் கேள்வி. ஒரு பயிற்சிக்குக் குறைந்தது இருபது கேள்வி இருக்கட்டும். நான் முதலில் ஏழே ஏழு எழுதினேன். இரண்டு நாளில், "மொதக் கணக்குக்கு 216 போடு" என்று ஜன்னல் வழியாக விடை போய்க்கொண்டிருந்தது.

ஒவ்வொரு கேள்விக்கும் குறிப்பு சேர்க்கலாம். குறிப்பைத் திறந்தால் அந்தக் கேள்வி முன்னேற்றத்தில் சேராது. இதை முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். பிறகு தெரிந்தால் ஏமாற்றிவிட்டதாக நினைக்கிறார்கள்.

படி 6: பங்கிடுவது

கோச் பகுதியில் மூன்று குழுவையும் உருவாக்கி, ஒவ்வொரு குழுவுக்கும் அதற்கான பயிற்சியை லெசனாக ஒதுக்குங்கள். தனி ஒரு பிள்ளைக்கும் ஒதுக்க முடியும். ஆறு டேப்லெட், 24 பேர் என்பதால் இருபது நிமிடத்துக்கு ஆறு பேர். மற்றவர்கள் நோட்டில் அதே படியின் கணக்கு. இரண்டு பேருக்கு ஒரு டேப்லெட் என்று கொடுத்தும் பார்த்தேன். ஒருத்தி தட்டுவாள், இன்னொருத்தி பார்ப்பாள், முன்னேற்றம் ஒரே ஆள் பேரில் ஏறும். வேண்டாம்.

வாசிப்புக்கு கூகுளின் ரீட் அலாங் வைத்திருக்கிறேன். தமிழ்க் கதைகளைப் பிள்ளை வாய்விட்டு வாசிக்க, அது கேட்டுத் திருத்தும். வகுப்புக்குள் ஆறு பேர் ஒரே நேரத்தில் வாசித்தால் யார் குரல் என்று அதற்குப் புரியாது. வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிடுகிறேன், ஆளுக்குப் பத்தடி தள்ளி.

படி 7: விடையைப் பார்ப்பது

மற்ற எல்லாவற்றையும் விட்டாலும் இதை விடாதீர்கள். கோச் பகுதியின் அறிக்கையில் தேறியது, தேறாதது மட்டும் பார்த்து மூடிவிடாமல் பிள்ளையின் பெயரைத் தொட்டு உள்ளே போனால், ஒவ்வொரு கேள்விக்கும் என்ன விடை போட்டாள் என்று இருக்கும்.

மொட்டுக் குழுவில் ஒரு பிள்ளை, மூன்று வாரமாகக் கடன் வாங்கிக் கழித்தலில் நின்றுகொண்டிருந்தாள். அறிக்கையைத் திறந்தேன். 503 − 287 என்ற கேள்விக்கு 384. இன்னொன்றுக்கும் அதே மாதிரி. கவனக்குறைவு இல்லை இது. ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிறாள்: ஏழில் மூன்று போனால் நாலு, எட்டில் பூஜ்யம் போனால் எட்டு, ஐந்தில் இரண்டு போனால் மூன்று. ஒழுங்காக, ஒரே மாதிரித் தவறு. பிரவுன், பர்ட்டன் என்ற இருவர் 1978-லேயே இப்படிப்பட்ட கழித்தல் தவறுகளைக் கணினியில் வகைப்படுத்தியிருக்கிறார்கள். கொலிப்ரிக்கு இது வெறும் தப்பு. இன்னொரு கணக்கைத் தரும், அவள் இன்னொரு தடவை அதையே செய்வாள்.

அவள் அம்மா பீடி சுற்றுகிறவர். எங்கள் ஊரில் பாதி வீட்டில் அதுதான் வேலை. அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "ஐநூத்தி மூணு பீடின்னா எத்தனை கட்டு?" என்றேன். கட்டுக்கு 25.

"இருவது கட்டு. மூணு உதிரி." கண் சிமிட்டும் நேரம்கூட ஆகவில்லை.

"287 குடுக்கணும்."

"பதினோரு கட்டு, பன்னெண்டு உதிரி."

"குடு பாப்போம். உதிரி மூணுதானே இருக்கு?"

"ஒரு கட்டப் பிரிச்சிர வேண்டியதுதான டீச்சர்." விரலைத் தொடையில் தட்டினாள். "எட்டுக் கட்டு, பதினாறு. எரநூத்திப் பதினாறு."

கடன் வாங்குவது என்று நான் இத்தனை நாள் சொன்னது அவளுக்கு ஏறவே இல்லை. கட்டைப் பிரிப்பது பிறந்ததிலிருந்து தெரியும். அன்று இரவே ஸ்டூடியோவில் அந்தப் படியின் குறிப்புகளை எல்லாம் மாற்றி எழுதினேன்: "ஒன்றுகள் போதவில்லையா? பத்தின் கட்டு ஒன்றைப் பிரி." அவளுக்கு மட்டும் அதற்கு முன்னால் ஒரு சின்னப் பயிற்சி: பத்துப் பத்தாகக் கட்டி, பிரிப்பது. நாலு நாளில் தேறினாள். அரும்புக் குழுவுக்கும் இப்போது அந்தப் பயிற்சி போகிறது. அதில் சிலருக்கு அது உதவவில்லை. அவர்களுக்குச் சிக்கல் எண் வாசிப்பில், அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

பின்சேர்க்கை 1: களக்காட்டில் இருந்து ஒரு ஆசிரியை எழுதியிருந்தார்: "ஸ்டூடியோவில் கணக்கைத் திருத்தினேன், டேப்லெட்டில் பழைய கணக்கே வருகிறது." திருத்தினால் மறுபடி பப்ளிஷ் செய்ய வேண்டும். அப்புறம் மடிக்கணினியை இணையத்தில் இணைத்து, கொலிப்ரியில் அந்தச் சேனலைப் புதிய பதிப்புக்கு அப்டேட் செய்ய வேண்டும். நான் இதை மேலே எழுத மறந்துவிட்டேன். என் குறிப்புகள் மாறாமல் இருந்ததைக் கண்டு நானே ஒரு நாள் முழித்தவள்தான்.

பின்சேர்க்கை 2: பெயர்ப்பட்டியலை எக்செல்லில் இருந்து மொத்தமாக ஏற்றும்போது தமிழ்ப் பெயரெல்லாம் கேள்விக்குறியாக வருகிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். சேமிக்கும்போது வெறும் சிஎஸ்வி எடுக்காமல், பட்டியலில் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று இருப்பதை எடுங்கள். ஏற்கெனவே கேள்விக்குறியாகிப் போன கோப்பைத் திரும்பச் சேமித்துப் பயனில்லை. மூலப் பட்டியலில் இருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும்.