திஷா பாவ் நாளில் மனதை எங்கே வைப்பது?

எருசலேம் ஆலயத்தின் அழிவை நினைத்து யூதர்கள் துக்கம் காக்கும் நோன்பு நாளான திஷா பாவ் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாதா என்பதுதான். கூடாது. யூத நாட்காட்டியின் ஆவ் மாதம் 9ஆம் நாள், முந்தின மாலை சூரியன் மறைவதில் தொடங்கி மறுநாள் இருட்டும் வரை, ஏறக்குறைய 25 மணி நேரம் நோன்பு. குளியல், எண்ணெய் பூசுவது, தோல் செருப்பு, தாம்பத்தியம் எல்லாம் விலக்கு. உடல்நலம் சரியில்லாதவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரையும் ரபியையும் (யூத சமய குருவையும்) முன்பே கேட்டுவிடுங்கள். சரி, அந்த 25 மணி நேரம் மனம் என்ன செய்ய வேண்டும்? நான் சொல்ல வந்தது அதைத்தான்.

எருசலேமின் முதல் ஆலயத்தை கி.மு. 586இல் பாபிலோனியரும், இரண்டாம் ஆலயத்தை கி.பி. 70இல் ரோமரும் அழித்தார்கள். நாம் பார்த்தே இராத கட்டடத்துக்காகக் கண்ணீர் வராது, வரவழைக்கவும் வேண்டாம். பகைவர்கள் ஆலயத்துக்குள் நுழைந்தபோது, கடவுளுக்கும் அவர் மக்களுக்கும் இடையிலான அன்பைக் குறிக்கும் சிறகுள்ள உருவங்களான கேருபீன்கள் இரண்டும் தழுவிக்கொண்டிருந்ததைக் கண்டார்கள் என்கிறது தல்மூத் என்னும் பழைய யூத நூல். அழியும் நேரத்திலும் அந்த அணைப்பு விடவில்லை. அன்பு போகாததால்தான் பிரிவு வலிக்கிறது. என் நோன்பு அந்தப் பிரிவுக்காகத்தான்.

பிரிவை முதலில் உடலால் உணருங்கள். நோன்புக்கு முந்தைய கடைசி உணவு ரொட்டியும் சாம்பலில் தொட்ட அவித்த முட்டையும். எங்கள் வீட்டில் என் மாமனாரும் மைத்துனர்களும் அதை ஒரே அறையில், ஆளுக்கொரு மூலையில், தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சேர்ந்து உண்ணக் கூடாது. அப்புறம் மறுநாள் இரவு வரை யாரும் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை. வழியில் தெரிந்தவரைப் பார்த்தும் பேசாமல் கடப்பது, பசியை விடக் கடினம். அந்தக் கூச்சத்தை ஒதுக்கிவிடாதீர்கள்.

இரவில் ஜெப ஆலயத்தில் விளக்கைக் குறைத்து, தரையில் அமர்ந்து, எருசலேமின் வீழ்ச்சிக்காக அழும் வேதப் பகுதியான புலம்பல் நூலை வாசிப்பார்கள். தோரா என்னும் யூத மறைநூல்களைப் படிப்பது மகிழ்ச்சி என்பதால் அன்று அதற்கும் தடை. துயரமான பகுதிகளுக்கு மட்டும் அனுமதி. அவற்றில் தல்மூத் சொல்லும் பார் கம்சாவின் கதையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு செல்வந்தர் தன் நண்பன் கம்சாவை விருந்துக்கு அழைக்கச் சொல்ல, வேலையாள் தவறுதலாக எதிரி பார் கம்சாவை அழைத்து வந்துவிடுகிறான். வெளியே போ என்கிறார் செல்வந்தர். தான் சாப்பிடுவதற்குப் பணம் தருகிறேன் என்கிறான் அவன். பிறகு பாதி விருந்தின் செலவை, பிறகு முழு விருந்தின் செலவையும் தருகிறேன் என்கிறான். கையைப் பிடித்து வெளியே தள்ளிவிடுகிறார். அந்த அவமானம் ரோமப் பேரரசர் வரை போய், ஆலயத்தின் அழிவில் முடிகிறது.

கதையை வேகமாகப் படிக்காதீர்கள். பந்தியில் ரபிகளும் இருந்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு அந்த இடம்தான் கதையின் மையம். செல்வந்தரின் கோபத்தை விட அவர்களுடைய மௌனம் எனக்கு அதிகம் பழக்கமானது. நம் முன்னால் ஒருவர் அவமானப்பட்டபோது பேசாமல் இருந்த ஒரு சந்தர்ப்பத்தை நினைத்துப் பாருங்கள். பெயர், இடம், அன்று சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் எல்லாம் நினைவுக்கு வரும்வரை எழுந்திருக்க வேண்டாம். இரண்டாம் ஆலயம் காரணமற்ற பகையால் அழிந்தது என்று தல்மூத் சொல்வது அப்போது வெறும் வரலாறாகத் தோன்றாது.

நண்பகலுக்குப் பிறகு நாற்காலியில் உட்காரலாம். காலையில் அணியாத தெஃபிலினை (வேத வசனங்கள் வைத்து, கையிலும் நெற்றியிலும் கட்டும் தோல் பேழைகளை) பிற்பகல் ஜெபத்தில் அணிவார்கள், ஆறுதலுக்கான வேண்டுதலும் அதில் சேரும். யூதர்கள் எதிர்பார்க்கும் மீட்பரான மேசியா பிறந்தது இதே நாளில்தான் என்று ஒரு மரபும் உண்டு. ஆகவே பிற்பகலிலும் குற்ற உணர்விலேயே கிடக்காதீர்கள். கதை படித்தபோது நினைவுக்கு வந்த, அன்று அவமானப்பட்டவரிடம் என்ன சொல்வது என்று யோசியுங்கள். நோன்பு முடிந்து, சாப்பிட்டுத் தெம்பு வந்ததும் அவரைக் கூப்பிடுங்கள். ஆலயம் 10ஆம் நாளும் எரிந்துகொண்டிருந்ததால் மறுநாள் நண்பகல் வரை பலர் இறைச்சியும் மதுவும் தொடுவதில்லை. தயக்கமாக இருந்தால் அதற்குள்ளாவது பேசிவிடுங்கள்.