அமெரிக்க டவுன்ஷிப்பின் மக்கள்தொகை: கணக்கு எங்கே தப்புகிறது?

அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில், கவுண்டி எனப்படும் மாவட்டத்துக்குள் அமைந்த சிறு உள்ளாட்சிப் பகுதிதான் டவுன்ஷிப். ஒஹாயோ மாநிலத்தில் மட்டும் வாஷிங்டன் டவுன்ஷிப் என்ற பெயரில் நாற்பதுக்கும் மேற்பட்டவை இருக்கின்றன. கவுண்டியின் பெயரைச் சேர்க்காமல் தேடினால், கையில் கிடைத்த எண் எந்த வாஷிங்டனுடையது என்றே தெரியாது. இது எளிதில் திருத்திக்கொள்ளக்கூடிய தவறு. பெரும்பாலான குளறுபடிகள் எல்லைக்கோட்டில்தான் தொடங்குகின்றன.

மிச்சிகனின் லிவிங்ஸ்டன் கவுண்டியில் உள்ள புட்னம் டவுன்ஷிப்பைப் பாருங்கள். அதற்குள் பிங்க்னி என்ற வில்லேஜ் இருக்கிறது. மிச்சிகனில் வில்லேஜுக்குத் தனி நிர்வாகம் இருந்தாலும் அது டவுன்ஷிப்பின் பகுதியாகவே நீடிக்கும். எனவே பிங்க்னிவாசிகள் புட்னம் கணக்கில் ஏற்கெனவே அடக்கம். இரண்டு எண்களையும் கூட்டினால் அவர்களை இருமுறை எண்ணிவிடுவீர்கள். சிட்டி என்று அந்தஸ்து பெற்ற ஊரோ டவுன்ஷிப்பிலிருந்து பிரிந்துவிடும். பென்சில்வேனியாவுக்குப் போனால் நிலைமை தலைகீழ். அங்கே பரோ எனப்படும் சிற்றூர், சுற்றிலும் டவுன்ஷிப் சூழ்ந்திருந்தாலும் அதற்கு வெளியேதான். ஒரு மாநிலத்தின் விதியை மனத்தில் வைத்துக்கொண்டு இன்னொன்றின் அட்டவணையைப் படிக்கக் கூடாது.

அதே புட்னமில்தான் ஹெல் (நரகம்) என்ற புகழ்பெற்ற குடியிருப்பும் உண்டு. அதற்குச் சட்டப்படி எல்லை கிடையாது, ஆகவே தனி மக்கள்தொகையும் கிடையாது. நரகத்தில் எத்தனை பேர் என்று அரசாங்கமே எண்ணவில்லை. இணையத்தில் உலவும் எண்ணை நம்பி எழுதிவிடாதீர்கள். ஜிப் கோடு எனப்படும் அஞ்சல் குறியீடும் எல்லை காட்டாது. பிங்க்னியின் ஜிப் கோடு பக்கத்து டவுன்ஷிப்புகளுக்குள்ளும் நீள்கிறது.

அடுத்தது, எல்லா டவுன்ஷிப்பும் 36 சதுர மைல் என்ற நம்பிக்கை. 1785 ஆம் ஆண்டு நிலச் சட்டம் ஆறுக்கு ஆறு மைல் கட்டங்களை வகுத்தது உண்மைதான். ஆனால் நியூ ஜெர்சி, பென்சில்வேனியா டவுன்ஷிப்புகள் பல அதற்கு முந்தைய காலனி ஆட்சிக் காலத்தவை. அவற்றுக்குக் கட்டமே இல்லை. கட்டம் போட்டு அளந்த இடங்களிலும் கணக்கு துல்லியமாக வராது. பூமி உருண்டை என்பதால் வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கும். அந்தக் குறையை வடக்கு, மேற்கு ஓரத் துண்டுகளில் தள்ளிவிட்டார்கள். மக்கள் அடர்த்தி பார்க்கும்போது மொத்தப் பரப்பால் வகுக்காமல் நிலப்பரப்பால் வகுக்க வேண்டும். ஏரிகள் நிறைந்த மிச்சிகனில் இது சின்ன வித்தியாசமில்லை.

வளர்ச்சி விகிதம் கணக்கிடும் இடத்தில்தான் ஆளைக் கவிழ்க்கும் பள்ளம் இருக்கிறது. நியூ ஜெர்சியின் பிரின்ஸ்டன் பரோவில் 2010 இல் 12,307 பேர். 2020 இல் பிரின்ஸ்டனில் 30,681 பேர். பத்தாண்டில் இரண்டரை மடங்கா? இல்லை. 2013 ஜனவரி 1 அன்று பரோவும் பிரின்ஸ்டன் டவுன்ஷிப்பும் ஒன்றாக இணைந்தன. டவுன்ஷிப்பின் 16,265 பேரையும் சேர்த்தால் 2010 இல் 28,572. உண்மையான வளர்ச்சி சுமார் 7 சதவீதம். இந்த எண்களில் பல்கலைக்கழக விடுதி மாணவர்களும் அடக்கம், ஏனெனில் கணக்கெடுப்பு அவர்களைச் சொந்த ஊரில் எண்ணாமல் விடுதியில்தான் எண்ணுகிறது.

வருமானம், வயது போன்ற விவரங்களுக்கு, மாதிரி எடுத்து நடத்தப்படும் அமெரிக்கச் சமூக ஆய்வின் (American Community Survey) எண்களை எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 65,000 பேருக்குக் குறைவான இடங்களுக்குப் பொதுவாக ஐந்தாண்டு மாதிரிகளைத் திரட்டிய மதிப்பீடே கிடைக்கும். சில நூறு பேர் உள்ள டவுன்ஷிப்பில் அதன் பிழை வரம்பு மிகப் பெரிதாக இருக்கும். அந்த வரம்பையும் எண்ணோடு சேர்த்தே எழுதுங்கள்.