ஆப்பிரிக்க இசைத்துறைக்கு வேலை, பயிற்சித் திட்டம் போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜிம்பாப்வேயின் ஸ்டெல்லா சிவேஷே 1974இல் தன் முதல் பாட்டைப் பதிவு செய்யப் போனபோது கையில் இருந்தது இரவல் ம்பிரா. மரப்பலகையில் இரும்புத் தகடுகளை வரிசையாகப் பொருத்தி, பெருவிரலால் மீட்டும் கருவி அது. ஷோனா மக்களுக்கு முன்னோரை அழைக்கும் கருவி. ஒரு பெண்ணுக்கு அதைச் செய்துகொடுக்க ஆள் கிடைக்கவில்லை, கற்றுக்கொடுக்கவும் யாரும் எளிதில் முன்வரவில்லை, கடைசியில் உறவில் ஒரு பெரியவர் மனம் இரங்கித்தான் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பாட்டு நாடு முழுக்க ஒலித்தது.

ஆப்பிரிக்க இசைத்துறைக்கான திட்டங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சம்பவம் நினைவுக்கு வரும். இளைஞர்களுக்குப் பயிற்சி, பெண்களுக்கு வாய்ப்பு, வேலை உருவாக்கம் என்று ஐரோப்பிய ஒன்றியம், யுனெஸ்கோ, பிரிட்டிஷ் கவுன்சில், கோத்தே இன்ஸ்டிடியூட் எனப் பல இடங்களிலிருந்து பணம் வருகிறது. நல்ல எண்ணத்தோடுதான் வருகிறது. ஆனால் இவற்றில் பல, திறமை குறைவாக இருக்கிறது, அதை வளர்க்க வேண்டும் என்ற இடத்திலிருந்தே தொடங்குகின்றன. சிவேஷேயிடம் குறைந்தது திறமையா? கருவிதானே. திறமையைச் சுற்றி இருக்க வேண்டிய கருவி, ஒப்பந்தக் காகிதம், சம்பளம், ராத்திரி வீடு திரும்ப வண்டி, மூன்று வருடம் கழித்தும் திறந்திருக்கும் கட்டடம், இவைதான் இல்லை. கீழே சொல்லும் தவறுகள் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் இதை மறந்ததால் வருபவை.

முதலில், ஒன்றும் தெரியாதவர்கள் என்று நினைத்துப் பாடத்திட்டம் எழுதுவது. தென்னாப்பிரிக்காவின் அமாபியானோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியாவைச் சுற்றியுள்ள டவுன்ஷிப்களில் (கறுப்பின மக்களின் குடியிருப்புகளில்), வீட்டுக் கணினியில் எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசை மென்பொருளை வைத்துக்கொண்டு பையன்கள் தாங்களே கற்று உருவாக்கிய இசை அது. அதன் அடையாளமான அந்த 'லாக் டிரம்' ஒலி, அதே மென்பொருளில் இருக்கும் ஒரு சாதாரண சின்தசைசரின் ஒலியைத் திருகித் திருகி அவர்கள் கண்டுபிடித்தது. அதைச் செய்தவர்களை உட்கார வைத்து 'பீட் என்றால் என்ன' என்று மூன்று நாள் பட்டறை நடத்தினால் இரண்டாம் நாளே பாதிப்பேர் வரமாட்டார்கள். அவர்களிடம் போய் என்ன தெரியாது என்று கேட்டால், ஒப்பந்தத்தை எப்படிப் படிப்பது, வெளிநாட்டிலிருந்து பணம் வந்தால் வரி எப்படி, மேனேஜர் எத்தனை சதவீதம் எடுப்பது நியாயம் என்றுதான் கேட்பார்கள். அதற்குத்தான் வகுப்பு வேண்டும்.

அடுத்தது, பாடகர்களை மட்டுமே பார்ப்பது. ஆப்பிரிக்கப் பாடல்கள் உலகமெங்கும் ஒலிக்கின்றன, கிராமி விருதில் 2024 முதல் தனிப் பிரிவே வந்துவிட்டது, அதனால் இனி எல்லாருக்கும் வேலை என்று எழுதுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். சர்வதேச ஒலிப்பதிவுத் துறைக் கூட்டமைப்பின் அறிக்கைப்படி, சஹாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளின் ஒலிப்பதிவு வருமானம் 2024இல் 22.6 சதவீதம் வளர்ந்து, முதல்முறையாக 10 கோடி டாலரைத் தாண்டி 11 கோடியானது. சந்தோஷம்தான். ஆனால் அதே ஆண்டு உலகம் முழுவதற்குமான தொகை 2,960 கோடி டாலர். அந்த 11 கோடியிலும் முக்கால் பங்கு தென்னாப்பிரிக்காவுக்கே போகிறது. மிச்சம் அத்தனை நாடுகளுக்கும் கால் பங்கு. இதை நம்பி ஆயிரக்கணக்கான இளைஞர்களைப் பாடகராக்கினால் அவர்கள் எதை வைத்துச் சாப்பிடுவார்கள்?

வேலை இருப்பது மேடைக்குப் பின்னால். தான்சானியாவின் சான்சிபார் தீவில், ஸ்டோன் டவுன் என்ற பழைய நகரில், பழைய கோட்டைக்குள், 2004 முதல் சவுட்டி சா புசாரா என்ற விழா பிப்ரவரி மாதங்களில் நடக்கிறது. அங்கே பதிவு செய்த இசையை ஓடவிட்டு வாயசைக்க முடியாது, எல்லாமே நேரடியாக வாசிக்க வேண்டும். அப்படியென்றால் ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏறும் அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்துப் பாருங்கள். டிரம்ஸைச் சுற்றியிருக்கும் மைக்குகளைக் கழற்ற வேண்டும், எந்த கேபிள் மிக்ஸரில் எந்த எண்ணுக்குப் போகிறது என்று டேப் ஒட்டி எழுதியிருக்க வேண்டும், அடுத்து வருவது தாராப் என்னும் அரபுச் சாயலுள்ள கடற்கரை இசைக் குழு என்றால் மெல்லிய குரலுள்ள கானூனின் எழுபதுக்கு மேற்பட்ட நரம்புகளும் வயலின்களுக்கு நடுவே அமுங்காமல் கேட்கும்படி மைக் வைக்க வேண்டும், பாடுகிறவருக்குத் தன் குரல் மேடையிலுள்ள மானிட்டர் ஒலிபெருக்கியில் திரும்பக் கேட்க வேண்டும். இதைச் செய்பவர்கள் உள்ளூரில் இருந்தால் அவர்களுக்கு விழா முடிந்த பிறகும் கல்யாணம், ஹோட்டல், அரசியல் கூட்டம் என்று வருடம் முழுக்க வேலை உண்டு. பாடகருக்கு ஹிட் வேண்டும், சவுண்ட் என்ஜினியருக்கு அடுத்த நிகழ்ச்சி இருந்தால் போதும். ஆனால் திட்ட அறிக்கைகளின் அட்டைப்படத்தில் எப்போதும் மைக் பிடித்தவர்தான் இருக்கிறார், மைக்கை வைத்தவர் இல்லை.

சான்சிபாரைச் சொன்னதும் இன்னொரு தவறையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு மிகவும் வலிப்பது இதுதான். மூன்று வருடத்துக்குப் பணம் கொடுத்து, நான்காம் வருடத்தைப் பற்றி யோசிக்காமல் இருப்பது. சவுட்டி சா புசாரா விழா 2016இல் நடக்கவே இல்லை. பணம் திரளவில்லை. அதே ஊரில், கடற்கரையோரம் பழைய சுங்கக் கட்டடத்தில் இயங்கிவந்த டவ் கன்ட்ரீஸ் மியூசிக் அகாடமி, தாராப் இசை, ஊத், கானூன் ஆகிய நரம்புக் கருவிகள், ங்கோமா முரசு எல்லாம் முறையாகச் சொல்லிக்கொடுத்த பள்ளி. 2019இல் அது மூடும் நிலைக்கு வந்தது. மாணவர்கள் சுமார் 70 பேர், மாதக் கட்டணம் கிட்டத்தட்ட 13 டாலர், அதைக்கூடப் பலரால் கட்ட முடியாது. அதுவரை தாங்கிய வெளிநாட்டு நிதி வற்றியதும் ஆசிரியர்களின் சம்பளம் தொங்கிவிட்டது.

பள்ளி நடத்தத் தெரியாதவர்கள் என்று இதைப் படிக்கக் கூடாது. இப்படிப்பட்ட இசைப் பள்ளிகள் பெரும்பாலும் மாணவர் கட்டணத்தை மட்டும் வைத்து நடப்பதில்லை, பல பணக்கார நாடுகளில் அரசு தாங்குகிறது. இங்கே அந்த இடத்தில் நன்கொடை இருந்தது, நன்கொடைக்கு முடிவுத் தேதி இருந்தது. அதனால் திட்டம் போடும் அன்றைக்கே கேட்க வேண்டிய கேள்வி, முதல் வருடத்தில் எத்தனை பட்டறை என்பதல்ல, கடைசி வருடத்தில் ஆசிரியர் சம்பளத்தின் எந்தப் பங்கு எங்கிருந்து வரும் என்பது. நிதியை ஒரே வெட்டாக நிறுத்தாமல் வருடத்துக்குக் கொஞ்சமாகக் குறைக்கலாம். ஹோட்டல் நிகழ்ச்சிகள், வாடகைக்கு விடக்கூடிய ஒலிபெருக்கிகள், சுற்றுலாப் பயணிகளுக்கு மாலை நேரக் கச்சேரி என்று பள்ளிக்கே சொந்த வரவு உருவாக முதல் வருடத்திலேயே பணம் ஒதுக்கலாம். பட்டறைக்கு வெளிநாட்டு நிபுணரை விமானத்தில் கூட்டிவரும் செலவில் உள்ளூர் ஆசிரியர் ஒருவருக்குப் பல மாதச் சம்பளம் கொடுத்துவிடலாம்.

சரி, உரிமை விஷயத்துக்கு வருவோம். பாடக் கற்றுக்கொடுத்துவிட்டு, பாட்டு யாருக்குச் சொந்தம் என்பதைக் 'கூடுதல் அமர்வு' ஆக்கிக் கடைசி நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைப்பது பெரிய தவறு. சாலமன் லிண்டா 1939இல் ஜோகன்னஸ்பர்க்கில், கல்லோ நிறுவனத்தின் ஸ்டூடியோவில் 'ம்பூபே' பாடினார். பிறகு வெறும் 10 ஷில்லிங்குக்கு உரிமையை எழுதிக்கொடுத்தார். அந்த மெட்டு அமெரிக்கா போய்ப் பெயர் மாறி, வரிகள் மாறி, 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' என்று உலகமே முணுமுணுக்கும் சிங்கப் பாட்டானது, டிஸ்னி படத்தில்கூட வந்தது. லிண்டா 1962இல் ஏழையாகவே இறந்தார், கல்லறைக்குக் கல் வைக்கக்கூட வீட்டில் பணம் இல்லை. குடும்பம் 2004இல் வழக்குப் போட்டது. பழைய பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டம் ஒன்று, எழுதியவர் இறந்து 25 வருடம் கழித்து உரிமை வாரிசுகளுக்குத் திரும்பும் என்று சொல்லியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் 2006இல் சமரசம் கிடைத்தது. அதற்குள் மகள்களில் ஒருவர் இறந்தே போயிருந்தார்.

இதைக் கதையாகச் சொல்லிவிட்டுப் போனால் பயனில்லை. வகுப்பில் ஒரு தாளை எடுங்கள். மேலே பாட்டின் பெயர், தேதி. கீழே பாடல் எழுதியவர், மெட்டுப் போட்டவர், பீட் செய்தவர், இடையில் வரும் அந்தக் கிட்டார் வரியைக் கண்டுபிடித்தவர். ஒவ்வொருவர் பெயருக்கு நேரே எத்தனை சதவீதம், கூட்டினால் 100 வர வேண்டும், எல்லாரும் கையெழுத்து. அவ்வளவுதான். ஸ்டூடியோவை விட்டு வெளியே போவதற்கு முன்னால் இதைச் செய்தால் பத்து நிமிடம், பாட்டு ஓடிய பிறகு செய்தால் நட்பு முறிகிறது. அப்புறம் எங்கே பதிவு செய்வது என்பதையும் அந்தந்த நாட்டுக்கு ஏற்பச் சொல்ல வேண்டும். கென்யாவில் நீண்ட காலம் படைப்பாளிகளுக்கு ஓர் அமைப்பு, வாசித்தவர்களுக்கு ஒன்று, தயாரிப்பாளர்களுக்கு ஒன்று என மூன்று இருந்தன. எதில் சேர வேண்டும் என்று தெரியாமலேயே பணத்தை இழந்தவர்கள் உண்டு. அங்கே நம் காலர் டியூன் போல 'ஸ்கிஸா' என்று ஒன்று இருக்கிறது, பலருக்குப் பாட்டிலிருந்து வந்த முதல் காசே அதிலிருந்துதான். உள்ளூரில் காசு எந்த வழியில் வருகிறதோ அந்த வழியைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும், நியூயார்க்கின் பாடப்புத்தகத்தை அல்ல.

பெண்களைச் சேர்ப்பதில் நடக்கும் தவறு, தலையை எண்ணுவது. பாதி இடம் பெண்களுக்கு என்று எழுதிவிட்டு, வகுப்பை மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை வைத்தால், நைரோபியில் இருட்டிய பிறகு இரண்டு மட்டாட்டு (தனியார் மினி பஸ்) மாறி வீடு போக வேண்டிய பெண் எப்படி வருவாள்? கைக்குழந்தை இருந்தால்? வராதபோது 'ஆர்வமில்லை' என்று அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள், அது அநியாயம். திரும்பிப் போக வண்டிக் காசு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவர், பகல் நேர ஸ்டூடியோ, தொல்லை கொடுப்பவரைப் பற்றிப் புகார் சொல்ல நம்பகமான ஒரு பெண், இவையெல்லாம் பட்ஜெட்டில் தனித் தனி வரியாக இருக்க வேண்டும். சொல்லிக்கொடுப்பவர்களும் பெண்களாக இருந்தால் நிலைமை மாறுகிறது. உகாண்டாவில் டிஜே ரேச்சல் தொண்ணூறுகளில் தனியாளாக இந்தத் தொழிலுக்கு வந்தவர், பின்னாளில் 'ஃபெம் எலக்ட்ரானிக்' என்ற பெயரில் பெண்களுக்கே பயிற்சிப் பட்டறைகள் நடத்தினார். கோரா என்னும் 21 நரம்புக் கருவி மேற்கு ஆப்பிரிக்காவின் கிரியோ எனப்படும் பரம்பரைப் பாணர் குடும்பங்களில் தந்தையிடமிருந்து மகனுக்குப் போவது. அந்தக் குடும்பத்தில் பிறந்த சோனா ஜோபார்ட்டே அதைத் தொழிலாக எடுத்து, 2015இல் காம்பியாவில் பள்ளியும் தொடங்கினார். அங்கே வரும் சிறுமிக்கு, பெண் கோரா வாசிக்கலாமா என்ற கேள்வியே எழாது.

மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில், மேடையில் ஏற்றிக் கைதட்டிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். காங்கோ தலைநகர் கின்ஷாசாவின் ஸ்டாஃப் பெண்டா பிலிலி இசைக் குழுவில் முக்கியமானவர்கள் போலியோவால் பாதிக்கப்பட்டவர்கள், தாங்களே வடிவமைத்த மூன்று சக்கர வண்டிகளில் வருவார்கள். நகரத்து மிருகக்காட்சிசாலைத் தோட்டம்தான் ஒத்திகைக் கூடம். ரோஜே லாண்டு என்ற பையன் தகர டப்பா, வளைந்த குச்சி, ஒரே ஒரு கம்பி இவற்றைக் கொண்டு தானே செய்த 'சட்டோங்கே' வாசித்தான். உலகம் முழுக்கச் சுற்றினார்கள், ஆனாலும் 2013இல் குழு பிளவுபட்டது. கைதட்டல் ஏராளமாகக் கிடைத்தவர்களுக்கே இந்தக் கதி. சாய்தளம் உள்ள ஸ்டூடியோ, எட்டும் உயரத்தில் மிக்ஸர், திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள், பார்வையற்ற ஒருவர் ஒலிக்கலவை கற்க என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்பது, இதெல்லாம் திட்டம் எழுதும்போதே வர வேண்டும். கட்டடம் எழுந்த பிறகு யோசித்தால் செலவு அதிகம், பெரும்பாலும் நடப்பதும் இல்லை.

கருவிகளை நன்கொடையாக அனுப்புகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கடற்கரை ஈரத்தில் வயலின் பசை விட்டுப்போகும், புழுதியில் சாக்ஸஃபோனின் துளைகளை மூடும் மெத்தைகள் ஒட்டிக்கொள்ளும். ஊரில் சரிசெய்ய ஆள் இல்லாவிட்டால் ஒரே வருடத்தில் அலமாரிக்குள் போய்விடும். மியூசிக் இன் ஆப்பிரிக்கா அமைப்பு கருவி செய்வதற்கும் பழுது பார்ப்பதற்குமே தனிப் பயிற்சி நடத்தியது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கருவியும் பிழைக்கிறது, ஒருவருக்குத் தொழிலும் கிடைக்கிறது.

விண்ணப்பப் படிவம். இருபது பக்கம், ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ, மூன்று வருடத் தணிக்கைக் கணக்கோடு. இதை நிரப்பத் தெரிந்த அதே தலைநகர அமைப்புகள்தான் திரும்பத் திரும்ப வெல்கின்றன. ஸ்வாஹிலியிலோ வோலோஃபிலோ பேசிப் பதிவு செய்த ஐந்து நிமிடக் குரல் விண்ணப்பத்தை ஏன் ஏற்கக் கூடாது? அதைவிட மோசம், 'நீங்கள் செலவழியுங்கள், ரசீது காட்டினால் பிறகு தருகிறோம்' என்ற விதி. சின்னக் குழுவிடம் முன்பணம் எங்கே இருக்கிறது? வட்டிக்கு வாங்கி நிகழ்ச்சி நடத்தி, பணம் வர எட்டு மாதம் ஆனால் அந்தக் குழு அதோடு முடிந்தது. கைபேசியிலேயே பணம் அனுப்பும் எம்பெசா 2007இலேயே வந்துவிட்ட கென்யா போன்ற நாட்டில், பயணப்படியைப் பயிற்சி நாளன்று காலையிலேயே கைபேசிக்கு அனுப்ப முடியும். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பும் இதே ரகம்தான், வீட்டில் வசதி உள்ளவரே அதை ஏற்க முடியும், பிறகு எல்லாரையும் உள்ளடக்கிய திட்டம் என்று எப்படிச் சொல்வது?

கடைசியாக, எண்ணும் முறை. பயிற்சி பெற்றவர்கள் 200, சான்றிதழ் 200, குழுப் படம் ஒன்று. நைரோபியின் கொரொகோச்சோ குடிசைப் பகுதியில், டண்டோரா குப்பை மேட்டுக்குப் பக்கத்தில், 2008இல் தொடங்கிய 'கெட்டோ கிளாசிக்ஸ்' இன்றும் நடக்கிறது. அங்கே கற்று வளர்ந்த மூத்தவர்கள் இப்போது சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இது ஒரு வருட அறிக்கையில் தெரிய வந்திருக்காது. பயிற்சி முடிந்து 18 மாதம் கழித்து ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, போன மாதம் இசையிலிருந்து எவ்வளவு வந்தது, யார் கொடுத்தார்கள், நேரத்துக்குக் கொடுத்தார்களா என்று கேளுங்கள். அந்தப் போன் செலவையும் பேசுகிறவரின் சம்பளத்தையும் முதல் நாளே பட்ஜெட்டில் எழுதி வையுங்கள், கடைசியில் மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்று விட்டால் மிச்சம் இருக்காது.