ஜப்பானைக் காட்டி ஆள் கணக்குப் போடுவோர் செய்யும் தவறுகள்

மக்கள்தொகை சுருங்கினால் வேலைக்கு ஆள் கிடைக்காது என்று பேசுவோர் முதலில் கைகாட்டுவது ஜப்பானை. வேடிக்கை என்னவென்றால், அந்த நேர்க்கோட்டுக் கணக்கு பொய்த்ததும் அங்கேதான். 15 முதல் 64 வயது வரையுள்ளோர் 1995-இல் சுமார் 8.7 கோடி, இன்று ஏறத்தாழ 7.4 கோடி. ஆனால் 2012-இல் சுமார் 6.3 கோடியாக இருந்த வேலை செய்வோர் எண்ணிக்கை 2019-இல் 6.7 கோடியைத் தாண்டியது. கல்யாணம், பிரசவம் என்று முன்பு வேலையை விட்ட பெண்களில் பலர் இப்போது விடுவதில்லை. 65 வயதைக் கடந்தவர்களில் நான்கில் ஒருவர் இன்னும் வேலைக்குப் போகிறார். வயதை மட்டும் வைத்துத் தலையை எண்ணினால் இவர்கள் கண்ணில் படமாட்டார்கள்.

சரி, ஆள் கூடிவிட்டது, கவலை விட்டது என்று கிளம்புவது அடுத்த தவறு. ஆள் வேறு, உழைக்கும் நேரம் வேறு. புதிதாக வந்தவர்களில் பெரும்பாலோர் பகுதிநேர ஊழியர்கள். கணவரின் காப்பீட்டில் இருக்கும் மனைவி ஆண்டுக்கு 13 லட்சம் யென்னுக்கு மேல் சம்பாதித்தால், பொதுவாகச் சந்தாவைத் தானே கட்ட வேண்டும். அதனால் டிசம்பரில் கடைகளில் கூட்டம் நெரியும் நேரத்தில்தான் பலர் வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். மணிக்கூலியை உயர்த்தினால் வரம்பு இன்னும் சீக்கிரம் வந்துவிடுகிறது! லாரி ஓட்டுநர்களின் ஓவர்டைமுக்கு 2024 ஏப்ரலில் ஆண்டுக்கு 960 மணி என்று உச்சவரம்பு வந்தது. ஓட்டுநர் ஒருவர்கூடக் குறையாவிட்டாலும், ஓட்டும் நேரம் குறைந்தால் சரக்கு தேங்கத்தான் செய்யும்.

குழந்தை பெற ஊக்கத்தொகை கொடுத்தால் பற்றாக்குறை தீரும் என்போர் காலண்டரைப் பார்ப்பதில்லை. இன்று பிறக்கும் குழந்தை 2040-களில்தான் வேலைக்கு வரும். 1973-இல் பிறந்த சுமார் 20.9 லட்சம் பேரில் உயிரோடு இருப்பவர்கள் 2038-இல் 65 வயதை எட்டுவார்கள். அதே ஆண்டு 18 வயதாகப்போவோர் 2020-இல் பிறந்த 8.4 லட்சம் பேர். இனி எந்தத் திட்டம் போட்டாலும் இந்த எண்ணில் ஒன்று கூடப் போவதில்லை.

வெளிநாட்டுத் தொழிலாளர்கள்? 2023-இல் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். அதில் அதிகம் பேர் வியட்நாமியர். அந்த ஊற்று வற்றாது என்று நம்புவதும் தவறுதான். வியட்நாமில் கூலி ஏறுகிறது, அங்கேயும் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் எண்ணிக்கை 2-க்குக் கீழே இறங்கிவிட்டது. தென்கொரியாவும் தைவானும் ஆள் தேடுவதும் அதே ஊர்களில்தான்.